கழுவாத சாக்ஸபோன்

என் மனைவியின் அண்ணன் சாக்ஸபோன் ஊதினால் அழுகிற குழந்தை தூங்கிவிடும். சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பதிகள் கைகோத்துக்கொண்டு போவார்கள். கண்ணாடித் தொட்டி மீன்கள் வரிசையாக நின்று கேட்கும். மீன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். அப்படி ஒரு மிருதுவான ஜாஸ். அதனால் எல்லாருக்கும் அவர் பஞ்சு.

ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் அவர் ஊதினார், நான் பின்னால் டிரம்ஸ் தட்டினேன். பழைய இசைத்தட்டுகளும், "கரண்டிச் சத்தத்துக்கு மேல உங்க சத்தம் கேக்கக் கூடாது" என்ற மேனேஜரும்தான் தன்னை உருவாக்கியதாகச் சொல்வார். அப்புறம் என்னையும் சொல்வார். அங்கேதான் வினை.

சேர்ந்த புதிதில், வாசித்து முடித்ததும் வாத்தியத்துக்குள் துணியை விட்டு ஈரத்தைத் துடைப்பார். ஊதுகிற முனையைக் கழுவி வைப்பார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன மச்சான், சத்தத்தையெல்லாம் தொடைச்சுத் தூரப் போடறீங்க?"

"என்ன மாப்ள சொல்ற?"

"பெரிய ஆளுங்க கழுவவே மாட்டாங்க. உள்ள படியுதே ஒரு பூச்சு, அதுதான் வெல்வெட்டு. கப்பல்ல வாசிச்சப்ப ஒருத்தரைப் பார்த்தேன். முப்பது வருஷமா அதுக்குத் தண்ணியே காட்டலை. அவர் ஊதினா கடலே அடங்கிடும்."

நான் கப்பலில் காலே வைத்ததில்லை. சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் துணியை மடித்துப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நானோ கப்பல்காரருக்கு வருடா வருடம் மெருகேற்றினேன். மீசை வைத்தேன், மூக்கில் மச்சம் வைத்தேன், மூன்று மனைவிகளைக்கூடக் கட்டிவைத்தேன்.

பதினெட்டாவது வருடம் இருமல் வந்தது. அவர் இருமும்போதெல்லாம் நான் ஜால்ராத் தட்டைத் தட்டி மறைத்தேன். நான்கு வருடம் அப்படியே ஓட்டினோம். கடைசியில் மாடி ஏறவே திணறியபோதுதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"புறா வளர்க்கறீங்களா? வீட்டுச் சுவர்ல பூஞ்சை இருக்கா? ஏதோ ஒண்ணு தினமும் மூச்சோட உள்ள போகுது. அதை நிறுத்தலைன்னா நுரையீரல் இறுகிடும்."

எல்லாவற்றுக்கும் பஞ்சு இல்லை என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு, கழுவாத சாக்ஸபோன் ஞாபகம் வந்தது. டாக்டர் முன்னால் வாய் வரவில்லை. வெளியே வந்து, மாடிப்படி ஓரத்தில் சொன்னேன்.

"அந்தக் கப்பல் கதை பொய் மச்சான். அந்த வாத்தியத்தைக் கழுவுங்க."

"என் சத்தத்தைக் கெடுத்து ஊதறதை நிறுத்த என் தங்கச்சி சொல்லிக் குடுத்தாளா?"

"அப்படி ஒரு ஆளே கிடையாது!"

"மூக்குல மச்சம் வரைக்கும் நீதானடா சொன்ன?"

வீட்டில் மனைவியிடம் அழாத குறையாகச் சொன்னேன். "நீங்க சொல்றதுல பாதியைத் தள்ளிட்டுத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தறேன்," என்றாள். "இது எந்தப் பாதி?"

அப்போதே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். அதற்குள் மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றுதான் வாத்தியத்தைக் கொண்டுபோய் டாக்டர் மேஜைமேல் வைத்து உண்மையைச் சொன்னேன். உள்ளே விளக்கடித்துப் பார்த்தவர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்," என்றார். இறுகினது இறுகினதுதானாம்.

வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன். பச்சையும் கறுப்புமாக வந்தது. எவ்வளவு வந்தது என்று கூட்டிச் சொல்ல மனம் வரவில்லை.

ஆக்ஸிஜன் குழாயோடு வீடு திரும்பிய பஞ்சு, ஊதக்கூடாது என்று டாக்டர் சொல்லியும், ஒரே ஒரு தடவை என்று கழுவின வாத்தியத்தைக் கேட்டு வாங்கினார். என்னை முறைத்துக்கொண்டே ஊதினார். நான்கு சுரம். ஐந்தாவதற்கு மூச்சு இல்லை.

அதே சத்தம். அதே மிருது. ஒரு நூல் குறையவில்லை.

வாத்தியத்தை மடியில் இறக்கி வைத்தார்.

"அப்ப அந்த வெல்வெட்டு நானேதானா, மாப்ள?"

ஆமாம் என்றேன். இந்த முறை நம்பினார்.