ஞாயிற்றுக்கிழமை ஓடிய ரோலர்

என் தம்பி வீரபாண்டி நல்ல பையன்தான். அவன் பாட்டுதான் சரியில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், வாய் வலிக்கிற வரைக்கும். எங்கள் வீட்டில் எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை.

அதற்குக் காரணம் அய்யாதான். அவர் பெயர் பெரியமுத்து. தேயிலை ஃபாக்டரியில் ரோலர் ரூம் ஆள். கொழுந்தைப் போட்டுக் கசக்கி முறுக்குகிற அந்த இரும்பு ரோலர்கள் ஓடும்போது, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே நிற்கிறவர்கள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் நிறுத்து என்று அர்த்தம். ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுற்றினால் ஓடட்டும் என்று அர்த்தம். சின்ன வயதில் அய்யாவுக்குச் சோறு கொண்டுபோய் ரோலர் ரூம் வாசலில் உட்கார்ந்து நானும் தம்பியும் அந்தப் பேச்சைப் படித்துவிட்டோம். அய்யாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா இருந்த காலத்திலிருந்தே கத்திப் பேசிப் பேசி, எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்குச் சண்டைக்கார வீடு என்றே பெயர் வந்துவிட்டது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியோடு அய்யாவுக்கு சர்வீஸ் முடிய இருந்தது. எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டு இறங்குகிறவர் இடத்துக்கு அவர் பிள்ளை பேர் கொடுக்கலாம். கொடுத்தால் வேலையும் தொடரும், லயத்தில் வீடும் தங்கும். கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான். நானும் கொழுந்து கிள்ளுகிறவள்தான். ஆனால் தை மாதம் வண்டன்மேட்டு ஏலக்காய் ஸ்டோர் மாப்பிள்ளையோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் போன பிறகு அய்யா தலைக்கு மேல் அந்தத் தகரக் கூரை நிற்க வேண்டும் என்றால் தம்பி ரோலர் ரூமுக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் பேர் சொல்ல வேண்டும். தம்பி சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் ஒரு இசைத்தட்டு.

பெங்களூரில் பகலில் லாரி ஷெட்டில் வேலை, மற்ற நேரம் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து டிரம் அடிப்பது. அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'பிளாக் டஸ்ட்'. டஸ்ட் என்று ஃபாக்டரியில் மிஞ்சுகிற கடைசித் தூளைக்கூட இவன் விடவில்லை பாருங்கள்.

"இதுக்கு ஹெவி மெட்டல்னு பேருக்கா" என்றான்.

"அப்படீன்னா?"

"கனமான இரும்புன்னு வச்சிக்கோயேன்."

"ஏன், ஃபாக்டரியில இல்லாத இரும்பா? அதுக்குப் பெங்களூரு வரைக்கும் போகணுமாக்கும்!"

அவன் சிரிக்கவில்லை. போன வருஷம் இதே கூட்டத்தின் முதல் தட்டைக் கொண்டுவந்திருந்தான். யாரிடமோ ஒரு சின்ன பேட்டரி பிளேயர் இரவல் வாங்கி, வீட்டுக்குள் அய்யாவை உட்கார வைத்துப் போட்டான். அய்யா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். தம்பி அன்றைக்குச் சாப்பிடாமல் பஸ் ஏறினான். அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா" என்றான். "அய்யா நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் பெங்களூருக்குப் போறேன். போன தடவை மாதிரி எந்திரிச்சுப் போனாருன்னா, குச்சிய ஒடிச்சு அடுப்புல வச்சிட்டு நாளான்னைக்கு ரோலர் ரூமுக்குப் பேர் குடுத்திருதேன்."

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அய்யா எழுந்துதான் போவார், தம்பி தங்கிவிடுவான், வீடும் தங்கிவிடும். வேறென்ன வேண்டும்?

லயத்தில் கரண்டு கிடையாது. தொழிலாளர் கிளப்பில்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுவிட்டு எல்லோரும் அங்கே கூடினோம். எங்கள் பக்கம் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் ஏசுரத்தினம் அண்ணன் மைக் செட்டுதான். அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். அதைப் பலகைத் தரையில் நிறுத்தி, தட்டை வைத்து, முள்ளைக் கீழே இறக்கினார்.

என்ன சொல்ல? கிளப்பின் கூரைத் தகரம் அதிர்ந்தது. வெளியே கிடந்த நாய் எழுந்து லயத்துப் பக்கம் போய்விட்டது. ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான், இன்னொருவன் கிடாரைப் போட்டு அறுத்தான். இதற்கெல்லாம் அடியில் தம்பியின் டிரம் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் பாட்டு முடிந்ததும் தம்பி ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான். "எப்படி இருக்கு, சொல்லுங்க."

பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் சித்தி என் காதைக் கடித்தாள். அவள் ரகசியம் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். "ஏட்டி பூமாரி, இவுகளுக்கு யாரு மேலடி இம்புட்டுக் கோவம்?"

"பாடுதவன் கால்ல அட்டை ஏறியிருக்கும்" என்றார் குருசாமி கங்காணி. "யாராவது உப்புக் குடுங்கப்பா."

கிளப்பே சிரித்தது. தம்பியும் சிரித்தான், பாவம்.

ஏசுரத்தினம் அண்ணனுக்குப் பாட்டைப் பற்றிக் கவலையில்லை. பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, பெட்டி புதுசுப்பா. கிறிஸ்துமஸ் வருது, கிழிஞ்சிரக் கூடாது. மனசுல வச்சுக்கோ."

ஆபீஸ் கிளார்க் சிவராமகிருஷ்ணன் சாமியும் வந்திருந்தார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், கச்சேரி என்றால் உயிர். பேர் எழுதுகிறவர் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். "இதை சங்கீதம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா தாளம் ஓரிடத்தில பிசகலை கேட்டேளா. அது சத்தியமாக்கும்."

முத்துப்பேச்சியின் கைப்பிள்ளை காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்போது அது அயர்ந்து தூங்கியிருந்தது. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அய்யா எங்கக்கா?" என்றான் தம்பி.

"கிழங்குத் தோட்டத்துல நிக்காரு. வருவாரு, வருவாரு." கிளப்புக்குப் பின்னால் மேட்டில்தான் எங்கள் காய்கறித் தோட்டம். நான் கூப்பிடப் போகவில்லை.

ஏசுரத்தினம் அண்ணன் இரண்டாவது பாட்டைப் போட்டார். அது முதலாவதைவிட மோசம். டிரம்மும் அந்தத் தடித்த கம்பிக் கிடாரும் மட்டும் அடித் தரையில் உருண்டுகொண்டே போயின. என் பாதத்தில் பலகை அதிர்ந்தது.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அய்யா மேட்டிலிருந்து ஓடி வருகிறார். காக்கி நிக்கர், காலெல்லாம் மண், கையில் மண்வெட்டி. கிளப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஃபாக்டரி ரோட்டில் வேகமாகப் போகிறார்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்று மறித்தேன். "அய்யா! எங்கய்யா போறீக?"

"எவம்ட்டி ரோலரை ஓட்டுதது? காலுக்குக் கீழ தரை அதிருதே!" மூச்சு வாங்கியது அவருக்கு. "லீவு நாளு, நான் இல்லாம எவன் தொட்டான்? எண்ணெய் போடலைட்டி இன்னும்!"

"ரோலரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது உங்க மவன் பாட்டு!"

என் உதட்டையே பார்த்தார். புரியவில்லை. கையைப் பிடித்துக் கிளப்புக்குள் கூட்டிவந்தேன். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குருசாமி கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி முகம் செத்துப்போயிற்று.

அய்யா யாரையும் பார்க்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு நேராகப் பெட்டியிடம் போனார். அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை விரித்து வைத்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, தோளைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டார். சிரிப்பு அடங்கிவிட்டது. பாட்டு முடிகிறவரை அவர் அசையவில்லை. எழுந்து போகவும் இல்லை.

முள் தட்டின் நடுவுக்கு வந்து நின்றது.

"நீயாலே அடிச்சது?" என்றார்.

"ஆமாய்யா. ரெண்டாம் ரோலரு ஓடுற சத்தத்தை வச்சுத்தான் அடிச்சேன்."

"போன தடவை ஒண்ணு கொண்டாந்தியே, அதுலயும் நீயா?"

"அதுலயும் நாந்தான். நீங்கதான் பிடிக்காம எந்திரிச்சுப் போயிட்டீகளே."

"பிடிக்காமலா?" அய்யா பெட்டியைத் தடவினார். "அது எனக்குக் கேக்கவே இல்லையேலே. தட்டு சுத்துறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கீக. என்ன சொல்லன்னு தெரியல. எந்திரிச்சுப் போயிட்டேன்."

"ஃபாக்டரிச் சங்கு கேக்குமாய்யா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"சங்கு கேட்டு எத்தனையோ வருசமாச்சு. பக்கத்து வீட்டுல அடுப்பு புகையுதான்னு பாத்துக் கிளம்புவேன்."

தினமும் சங்கு ஊதுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார், வேலையில் அவ்வளவு அக்கறை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். பாவி மனுஷன், மந்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, ஒன்றுமே கேட்காமல், எங்கள் வாயசைவைப் பார்த்துக்கொண்டா இந்த வீட்டில் இருந்திருக்கிறார்!

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா ரோலரை விட்டு இறக்கித் தோட்டத்துல களை வெட்டப் போட்டிருப்பானுக."

சொன்ன பிறகுதான் கிளார்க் சாமி அங்கே இருப்பதை அய்யா பார்த்தார். சாமி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெளியில மழை வராப்பல இருக்கு" என்றார், சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தம்பி அய்யாவுக்கு எதிரே வந்து குந்தினான். அவர் பார்க்கும்படி முகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "அய்யா, நான் இங்கேயே இருந்திருதேன். நாளைக்கு உங்க இடத்துக்குப் பேர் குடுக்கேன். நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க."

நான் ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். அவன் வாயிலிருந்து வந்தேவிட்டது.

அய்யா தலையை ஆட்டினார். "வேண்டாம்லே. எனக்கு இது ஒண்ணுதான் கேக்குது. நீயும் உள்ள போயி நின்னா, கடைசியில உனக்கு இதுவும் கேக்காது."

சுருளியம்மாள் சித்திகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். தம்பி குனிந்து அழுதான், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வீடு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மா செத்த வீடு அது.

"போனா போகட்டும். நான் உன்கூட வண்டன்மேட்டுக்கு வாரேன்ட்டி. ஏலக்காய் ஸ்டோருல காவலுக்கு ஒரு கிழவனை வேண்டாம்னா சொல்லுவான் உன் மாப்பிள்ளை?"

"சொல்லித்தான் பாக்கட்டுமே!" என்று நான் போட்ட கூச்சலில் முத்துப்பேச்சியின் பிள்ளை விழித்துக்கொண்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தால் எனக்குக் குரல் அப்படித்தான்.

ஏசுரத்தினம் அண்ணன் தட்டை எடுத்து உறையில் போடப் போனார். அய்யா தரையில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி வட்டமாகச் சுற்றினார்.

"என்ன சொல்லுதாரு?" என்று அண்ணன் விழித்தார்.

அவருக்கு எப்படித் தெரியும்? நான் போய் தட்டை வாங்கி மறுபக்கம் திருப்பி வைத்தேன். தம்பி பாட்டு எனக்கு இன்றுவரைக்கும் பிடிக்கவில்லை. அண்ணன் பதறப் பதற, சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டேன்.