இரண்டு ரிங் என்றால்

மூன்றாவது ரிங்கில் யாரோ ஃபோனை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஃபோனை யாரும் எடுக்கக் கூடாது, அதுதான் ஏற்பாடு. தோட்டத்தில் றப்பர் பால் அளக்கும் கொட்டகையிலிருந்து ரோசலின் ரிங் விட்டு, தானே கட் பண்ணுவாள். பால் லொறியில் போகும் அவள் புருஷன் டெனிஸ் தன் ஃபோனில் எத்தனை ரிங் என்று எண்ணிக்கொள்வான்.

"கவுத? கவுத கதா கரன்னே?" யார் பேசுவது என்று ஓர் ஆண் குரல் சிங்களத்தில் அதட்டியது.

சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் பதறிக் கட் பண்ணிவிட்டாள். பண்ணிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று உறைத்தது.

தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் ஒரே லொறி. முன்பெல்லாம் பால் சேராத இடத்தில் லொறி வந்து காத்துக் கிடக்கும். சேர்ந்த இடத்தில் டிரம்மிலேயே பால் உறைந்து நாறும். எங்கே பால் ரெடி என்று லொறிக்குத் தெரிந்தால் போதுமே என்று ரோசலின்தான் இந்த ரிங்கை யோசித்தாள். ஒன்று என்றால் வரலாம். இரண்டு என்றால் பால் இன்னும் சேரவில்லை, மெதுவாக வா. மூன்று என்றால் பால் உறையப் போகிறது, ஓடி வா. நான்கு மாதமாக ஒரு டிரம்கூடக் கெட்டுப்போகவில்லை. எஸ்டேட் துரையே கொட்டகைக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

இன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு ரிங் விட்டாள். லொறி வரவில்லை. பதினொன்றுக்குப் பால் ஓரத்தில் திரளத் தொடங்கியதும் மூன்று ரிங் விட்டாள்.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் பால் வாளியோடு நின்ற சுப்பம்மா.

"ஃபோன வேற யாரோ எடுத்துட்டாங்கக்கா. ஆமிக்காரன் மாதிரி இருக்கு."

சுப்பம்மாவின் முகம் மாறியது. "லொறி வர்ற தெஹியோவிட்ட ரோட்டுல காலையில புதுசா செக்பொயின்ட் போட்டிருக்கானுங்களாம். ஒன் ஃபோன இந்த டிரம்முக்குள்ள போடு. கேட்டா தொலஞ்சிருச்சுன்னு சொல்லு."

ரோசலின் டிரம்மின் விளிம்புவரை ஃபோனைக் கொண்டுபோனாள். போட்டால் வெள்ளைக்குள் முழுகிவிடும். அவளைத் தேடி லயத்து வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் டெனிஸ்? போன வாரம்தான் கொழும்புப் பக்கம் பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. ஒரு தமிழனின் ஃபோன். தினமும் ஒரே நம்பரிலிருந்து ரிங், ஒரு நாளும் பேச்சில்லை. குரல் கேட்டதும் கட். அந்த ஆமிக்காரனின் இடத்தில் நின்று பார்த்தபோது அவளுக்கே அது குண்டுக்காரர்களின் சைகையாகத்தான் தெரிந்தது.

டெனிஸின் நம்பருக்கு மறுபடி அடித்தாள். இந்த முறை உடனே எடுத்தார்கள்.

"மாத்தயா, நான் டெனிஸின் மனைவி. எஸ்டேட்டில் பால் அளக்கிறவள்" என்று சிங்களத்தில் ஒரே மூச்சில் சொன்னாள். "அந்த ரிங் பால் லொறிக்கு."

"உன் புருஷனும் அதைத்தான் சொல்கிறான். ஒவ்வொரு ரிங்குக்கும் என்ன அர்த்தம் என்றும் சொல்லியிருக்கிறான். நீ சொல்வதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று?"

"வரலாம்."

"மூன்று?"

"பால் உறையப் போகிறது, ஓடி வா."

"இரண்டு?"

ரோசலின் இரண்டின் அர்த்தத்தைத் திங்கட்கிழமைதான் மாற்றியிருந்தாள். இப்போது இரண்டு என்றால், மேல் டிவிஷனுக்கு முதலில் போ. டெனிஸ் அதை இன்னும் மனதில் ஏற்றவில்லை. செவ்வாய்க்கிழமைகூட இரண்டு ரிங் கேட்டும் மேல் டிவிஷனுக்குப் போகாமல் ஆடி அசைந்து இங்கே வந்து நின்றான். திட்டியதற்கு, "ஒன்னுன்னா வா, மூணுன்னா ஓடியா, ரெண்டுன்னா பொண்டாட்டி அன்னைக்கி என்னா நெனைக்கிறாளோ அது" என்று லொறி டிரைவர் மக்கீனிடம் சொல்லிச் சிரித்தான்.

சரியானதைச் சொல்வதா, அவன் சொல்லியிருக்கக் கூடியதைச் சொல்வதா? பயத்தில் மனுஷனுக்குப் புதுசு நினைவுக்கு வருமா, பழசா?

"இரண்டு?" குரல் உயர்ந்தது.

"பால் இன்னும் சேரவில்லை. மெதுவாக வா."

அந்தப் பக்கம் யாரோ காகிதம் புரட்டினார்கள். பிறகு கேட்டது: "ஏன் கட் பண்ணினாய்?"

"பயத்தில், மாத்தயா."

"நங்கி, அந்த ஃபோன் கையில் அடித்தபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது" என்றான் அவன், தங்கையிடம் பேசுவதுபோல. லைன் அறுந்தது.

லொறி ஒரு மணிக்கு வந்தது. அதற்குள் இரண்டு டிரம் பால் கட்டியாகிவிட்டது. டெனிஸ் இறங்கி, லொறிக் கதவைப் பிடித்தபடியே நின்றான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டுக்கு என்னா சொன்ன?" என்று ரோசலின் மெதுவாகக் கேட்டாள்.

"மெதுவா வான்னு. தப்பா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமா என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

"இப்பவே தெளிவா சொல்லிரு, ரோசலின். ரெண்டுன்னா என்னா? இனி சத்தியமா மறக்க மாட்டேன்."

அவன் மறந்ததுதான் இன்று அவனைக் காப்பாற்றியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.