தியானம் செய்த ஓணான்

எங்கள் அப்பாண்டைநாதன் மாமா நியமம் தவறாத சமணர்; எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார். தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். மூச்சிளைப்பு நோய்க்காரர் என்பதால் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குவார். அப்படிப்பட்ட மனிதர்தான் போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் என் வீட்டுக்கு வந்து ஓர் உயிரைத் திணறடித்தார்.

அந்த உயிரின் பெயர் தாடி. ஆஸ்திரேலியா ஓணான்; கழுத்தைச் சுற்றி முள்முள்ளாக இருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போன என் தம்பி ஜீவகன் என்னை நம்பி விட்டுப்போனது. விமானம் ஏறும் முன்புகூட போன் செய்தான்.

"மேலேர்ந்து கைய கொண்டுபோவாதக்கா, பருந்துன்னு பயந்துடும். வால புடிக்காத. வயித்துக்கடியில கை குடுத்து நாலு காலும் தாங்குற மாதிரி தூக்கு. மல்லாக்க மட்டும் போட்டுடாத, மூச்சு வுட முடியாது."

மாமா வந்ததும் இதை அப்படியே அவருக்கும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. காபி போட்டு எடுத்துக்கொண்டு திரும்பினால், தாடி அவர் மடியில் மல்லாந்து கிடக்கிறது. நெஞ்சின் மேல் அவர் விரல். மறு கையில் போன். சொந்தக்காரர்கள் குரூப்புக்கு ஒரு படம் ஏற்கெனவே போய்விட்டது, இப்போது வீடியோ.

"மாமா, திருப்புங்க அத."

"இரும்மா பிரம்மி. ஒரு அசைவு இருக்குதா பாரு. திருநாதர்குன்று பாறையில செதுக்கின தீர்த்தங்கரர் உக்காந்திருக்கிற மாதிரி தியானத்துல இருக்குது."

"தீர்த்தங்கரர் மல்லாந்தா கெடக்கிறாரு?"

பயந்தால் கறுக்கும் தாடியின் கழுத்து கரியாகக் கறுத்திருந்தது. வாய் பிளந்திருந்தது. காபியைக் கீழே வைத்து, மாமாவின் விரலைத் தள்ளிவிட்டு, வயிற்றுக்கடியில் கை கொடுத்து மெல்லத் திருப்பி, என் முழங்கையோரம் படுக்க வைத்தேன். விலா ஏறி இறங்குவதைப் பார்க்கும்வரை எனக்கும் மூச்சு வரவில்லை.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இன்னா, அடிச்சனா, மிதிச்சனா? ஒரு எறும்பக்கூட கொன்னவன் இல்ல. கஷ்டமா இருந்தா அது துள்ளியிருக்காதா?"

பெரியவர் என்று இதுவரை பொறுத்திருந்தேன். இனி முடியவில்லை.

"போன மாசம் ஸ்கேன் எடுக்கறப்ப உங்கள அஞ்சு நிமிஷம் மல்லாக்க படுக்க வச்சாங்களே மாமா. நீங்க துள்ளினீங்களா?"

அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அன்றைக்கு அவரால் கத்தக்கூட முடியவில்லை. கண் செருகியதைப் பார்த்து நர்ஸ்தான் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தார்.

போன் விடாமல் சத்தம் கொடுத்தது. அவர் அனுப்பிய படத்துக்குக் கீழே, அதற்குள் பதினொரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

மாமா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். காபியைத் தொடவே இல்லை.