குழைத்து வைத்த உயிர்

அலுமினியப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெஸி பின்வாசல் வழியாக இறங்கினாள். முன்னறையில் அப்பா சத்தியராஜ் பெட்டிக்குள் படுத்திருந்தார். விடியற்காலையில் வந்த நெஞ்சுவலி. மூன்று மணிக்கு அடக்கம்.

“அப்பனை அங்க கெடத்திட்டு எங்கடி போற?” அத்தை சுகிர்தபாய் மறித்தாள்.

“அப்பா நேத்து குழைச்சு வச்சது அத்தே. இன்னைக்கு வாழைக்கு வைக்கல்லேண்ணா செத்துப்போவும்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் இருவர் காதிலும் விழுந்தது. அத்தை வழிவிட்டாள்.

பாத்திரத்தில் இருந்தது ஈரச் சாணத்தில் கலந்த கறுப்புப் பொடி. அரசு வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் கொடுத்தது. காற்றிலுள்ள சத்தைப் பிடித்து வேருக்கு ஊட்டும் நுண்ணுயிர்கள் அதில் கோடிக்கணக்கில் உண்டு. “உரமில்ல மக்கா, உயிராக்கும்” என்பார் அப்பா, அவை கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி.

இதை நம்பித்தான் தொண்ணூற்றாறில் அவர் யூரியாவை நிறுத்தினார். பாறசாலையில் உரக்கடை வைத்திருந்த பெரியப்பா பொன்னுதாஸ், “தம்பியே எனக்க கடைய பூட்டப் பாக்கியானா?” என்று முற்றத்தில் நின்று கத்தினார். அந்த வருஷம் ஏத்தன் வாழைக்குலைகள் சிறுத்தன. குளத்தூர் ஊரே சிரித்தது, ஜெஸியும் சிரித்தாள். அதன்பின் இரண்டு வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

வாழைத்தோட்டத்தில் காலைமழை இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எங்கும் பச்சை வெளிச்சம். வீட்டில் பாடிய ஞானப்பாட்டு தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. அவள் குனிந்து வாழையின் அடியில் தோண்டினாள். விரல்பட்டதும் மண் இளகியது, உள்ளே இளஞ்சூடு. அடுத்த வாழைக்குப் பின்னால் அப்பா குனிந்து நிற்கிறார், தான் நிமிர்ந்தால் போய்விடுவார் என்று தோன்றியது. அவள் நிமிரவில்லை.

அருகில் ஒரு வெள்ளை வேட்டி வந்து நின்றது. பெரியப்பா. துக்கத்துக்கு வந்ததிலிருந்து யாரிடமும் பேசாதவர்.

“எத்தன மூடு வாழ உண்டு?”

“நாப்பத்திரெண்டு. எட்டு வச்சாச்சு.”

திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஒரு வாழை மட்டையில் தொங்கவிட்டார்.

“ஒரு மூட்டுக்கு எவ்வளவு மக்கா?”

முப்பது வருஷமாக ஊருக்கே உர அளவு சொன்னவர். ஜெஸி அப்பா காட்டித்தந்ததுபோல இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினாள்.

அவர் மண்டியிட்டு அள்ளி வைத்தார், மண்ணை இழுத்து மூடினார். கொஞ்சநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு அடுத்த மூட்டுக்கு நகர்ந்தார்.

அவருடைய முழங்கால்கள் பதிந்த இரண்டு குழிகளிலும் தண்ணீர் மெல்ல ஊறியது.