நாலு மணிக்குள் ஒரு லேப்டாப்

"மணி பத்தேகால். இன்னும் எத்தனை கடை ஏறி எறங்கப் போற?"

லோடு ஆட்டோவின் ஹாரனைச் சொர்ணவல்லியின் கணவர் ஆவுடையப்பன் இதோடு மூன்றாவது முறை அடித்துவிட்டார். வண்டியின் பின்னால் பன்னிரண்டு தவிட்டு மூட்டைகள். ஒரு மணிக்குள் ஆலங்குடியில் இறக்கியாக வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்களேன். நான் என்ன சேலையா எடுக்க வந்திருக்கேன்?"

"சேலைன்னாக்கூட இந்நேரம் எடுத்திருப்பே."

அது உண்மைதான். சேலையென்றால் முந்தானையைப் பிரித்து வெயிலில் பிடித்தால் சொர்ணவல்லிக்குத் தெரிந்துவிடும், எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று. லேப்டாப்பை எந்த வெயிலில் பிடித்துப் பார்ப்பது?

பதினாறு வருடம் திருவரங்குளத்துப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். சித்திரை பிறப்பதற்குள் பள்ளியை மூடிவிட்டார்கள். இப்போது இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்று விராலிமலைக்கு அங்கிட்டு இருக்கும் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும்; விடியுமுன் கிளம்பினால் விளக்கு வைத்தபின்தான் வீடு. நாளைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அதற்கு இன்றைக்கு நாலு மணிக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதை செல்போனிலேயே எடுத்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தவளுக்கு நேற்று சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. போனில் வகுப்பு எடுக்கக் கூடாதாம். கேமரா உள்ள லேப்டாப், அதுவும் சொந்தமாக இருக்க வேண்டுமாம்.

அதிலிருந்து அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

புதுக்கோட்டையில் ஏறிய பெரிய கடையில் ஏசி குளிர்ந்தது. ஷர்லி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் பெரிய வெள்ளி நிறப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினாள்.

"இது இப்ப வந்த மாடல்க்கா. பெரிய ஸ்கிரீன். கையில எடுத்துப் பாருங்க, பூ மாதிரி இருக்கும்."

"பூ மாதிரி இருந்தா வாடிருமே, தாயி."

ஷர்லி சிரித்துவிட்டாள். சொர்ணவல்லி மூடியின் நடுவில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினாள். உள்வாங்கியது.

"அக்கா, அதை அமுக்கக் கூடாதுக்கா."

"நான் அமுக்கலைன்னா எங்க வீட்ல வேற யாராச்சும் அமுக்குவாங்க. பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?"

"பத்து மணி நேரம்."

"நெசமாவா?"

ஷர்லி விலையைச் சொன்னாள். சொர்ணவல்லியின் பையில் இருந்தது பதினெட்டாயிரம். பள்ளியில் கடைசியாகக் கொடுத்த சம்பளமும் அதோடு சேர்த்த சில்லறையும். இதன் விலை அதைப் போல இரண்டு மடங்கு. பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டு நகர்ந்தவளின் பின்னாலேயே ஷர்லி படி வரைக்கும் வந்தாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. ஆவூர்ல எங்க அண்ணனுக்கு நானே இங்க வாங்கல. பின்சந்துல குணசேகரன்னு ஒருத்தர் கடை வச்சிருக்கார். பெரிய ஆபீஸ்ல கழிச்சு விடுற லேப்டாப்பை எடுத்துச் சரிபண்ணி விக்கிறார். போய்ப் பாருங்க."

வண்டியில் இருந்தவரிடம் சொன்னதும் முகம் சுருங்கிப் போயிற்று.

"செகண்ட் ஹாண்டா? எவனோ தட்டித் தேச்சதையா வாங்கப் போறே?"

"நீங்க உக்காந்திருக்கிற வண்டி ஒங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் ஓட்டுனது?"

ஆவுடையப்பன் ஹாரனில் இருந்து கையை எடுத்துக்கொண்டார்.

குணசேகரன் கடையில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். சுற்றிலும் வயிறு பிளந்த லேப்டாப்புகள். அவன் விலையைப் பற்றிப் பேசவில்லை. கேள்வி கேட்டான்.

"எங்கிட்டு வச்சு வேலை பாப்பீங்கக்கா? மேசையிலயா, மடியிலயா?"

"படியில."

"படியிலயா?"

"எங்க வீட்ல நெட்டு கிடைக்கிறது ரெண்டே எடம் தம்பி. மாடிப்படியில ஏழாவது படி. இல்லாட்டி பின்கட்டு ஜன்னலோரம் தையல் மெஷின் மேல. கரண்ட் போனா இங்கிட்டும் அங்கிட்டும் தூக்கிட்டு ஓடணும். நெல்லுத் தூசி வேற. எனக்குப் பளபளப்பு வேணாம். தினமும் நாலு பிள்ளைகளுக்கு முன்னால என்னைய மானத்தோட உக்கார வச்சாப் போதும்."

அவன் எழுந்து மேல்தட்டிலிருந்து இரண்டை இறக்கினான். ஒன்று வெள்ளை, கொஞ்சம் புதுசு. இன்னொன்று கறுப்பு, தடித்தது, நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு மூலையில் பெயின்ட் போயிருந்தது. அடியில் நாலு ரப்பர் காலில் ஒன்று இல்லை. மேசையில் வைத்தால் லேசாக ஆடியது.

"ஒங்களுக்கு இந்தக் கறுப்புதான். அழகு கிடையாது. ஆனா கீலைப் பாருங்க."

மூடியை ஒரே விரலால் தூக்கினான். தூக்கிய இடத்தில் அப்படியே நின்றது. சொர்ணவல்லி வாங்கித் தானும் தூக்கினாள், இறக்கினாள். கீபோர்டின் நடுவில் அழுத்தினாள். அமுங்கவில்லை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் காதோரம் வைத்து, நெறிகிறதா என்று கேட்டாள். தேங்காய் வாங்குகிற மாதிரி அவள் செய்ததைப் பார்த்துக் குணசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"பட்டன் பேந்துச்சுன்னா?"

"அந்த ஒன்னை மட்டும் மாத்திக்கலாம்."

"பேட்டரி?"

"நாலு ஸ்க்ரூவைக் கழட்டுனா மாத்திரலாம். எட்டு ஜிபி ரேம் இருக்கு. பழைய டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்ருக்கேன், தொறந்ததும் எந்திரிச்சு நிக்கும். இந்தா, கேமரா பாருங்க."

திரையில் சொர்ணவல்லியின் முகம் வந்தது. வியர்த்து, பொட்டுக் கலைந்து, மூன்று நாள் தூங்காதவள் மாதிரி.

"பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?"

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. மூணு மணி நேரம். அதுக்கு மேல சார்ஜர் போட்டாகணும்."

பொய் சொல்லாத அந்த ஒரு வார்த்தையில் மனசு கறுப்பின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் கை வெள்ளையை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு கறுப்பு. மறுபடி வெள்ளை. வெளியே ஹாரன்.

"கறுப்பையே குடுங்க தம்பி" என்றாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்பது போல. விலை பையிலிருந்த பதினெட்டாயிரத்துக்குள் அடங்கியது.

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

"அந்த வெள்ளையையே எடுத்திருக்கலாமோ?"

"எடுத்திருக்கலாம்."

"அதோட மூடி கொஞ்சம் அசைஞ்சுச்சுங்க."

"அப்ப இதான் சரி."

"இது ஆடுதே."

"சொர்ணம், நீ இப்ப பேச்சை நிறுத்தப் போறியா, நான் வண்டிய நிறுத்தட்டுமா?"

அவளை வீட்டில் இறக்கிவிட்டு அவர் ஆலங்குடிக்குப் போனார். பின்கட்டுத் தையல் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து, ஆடுகிற மூலைக்கு அடியில் தினத்தாளை மடித்துக் கொடுத்தாள். வகுப்பு மென்பொருளை இறக்கினாள். முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. மூன்று மணிக்கும் தெரிந்தது. மூன்று பத்துக்கும் தெரிந்தது. அதற்கப்புறம்தான் முகம் கழுவிச் சேலை மாற்றப் போனாள்.

திரும்பி வந்தபோது அறை முழுக்கக் கற்பூர வாசனை. சந்தனக் கிண்ணத்தோடு ஆவுடையப்பன் நின்றார். லேப்டாப்பின் முதுகில் மூன்று சந்தனப் பொட்டு. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். திறந்து பார்த்தால் உள்ளேயும், திரைக்கு மேலே நட்டநடுவில், நெற்றியில் வைத்தாற்போல் கட்டியாக ஒன்று, அதன்மேல் குங்குமம்.

"உள்ளுக்குள்ள எதுக்குங்க?"

"வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் வைக்கலையா? மோட்டாருக்கு வச்சேன், கிரைண்டருக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? எவன் கண்ணு பட்டதோ, பழசு வேற."

மணி மூன்று ஐம்பத்தைந்து. சண்டை போட நேரமில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

சரியாக நாலுக்கு சென்னையிலிருந்து பரிமளா மேடம் வந்தார். அவருக்குப் பக்கத்துக் கட்டத்தில் தோஹாவிலிருந்து பிளெஸ்ஸி என்கிற ஒன்பது வயதுப் பிள்ளை, கன்னத்தில் கை வைத்தபடி.

"சொர்ணவல்லி மேம், குரல் வருது. வீடியோவை ஆன் பண்ணுங்க."

"ஆன்லதான் மேடம் இருக்கு."

"இல்லையே, ஒரே இருட்டா இருக்கே."

"மிஸ், உங்க வீட்ல கரண்ட் இல்லையா?" என்றாள் பிளெஸ்ஸி.

சொர்ணவல்லி வீடியோவை அணைத்துப் போட்டாள். இருட்டு. வகுப்பை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வந்தாள். இருட்டு.

"மேம், அடுத்தவங்களுக்கு நாலரைக்கு டைம் குடுத்திருக்கேன். பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டு வர முடியுமா?"

"வந்துர்றேன் மேடம்."

வாசற்படியில் நின்ற ஆவுடையப்பன், "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கினார்.

"இப்ப ஒன்னும் சொல்லாதீங்க." சொர்ணவல்லி போனை எடுத்துக் குணசேகரனைப் பிடித்தாள். "தம்பி, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? கேமரா போயிருச்சு! மூணு பத்துக்குத் தெரிஞ்சுச்சு, இப்ப கண்ணு அவிஞ்ச மாதிரி கெடக்கு. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"அக்கா, பதறாதீங்க. பூசை போட்டீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"போட்டீங்களா இல்லையா?"

"அவுக போட்டாக."

"பொட்டு எங்கிட்டு வச்சாக?"

சொர்ணவல்லி திரைக்கு மேலே பார்த்தாள். சந்தனமும் குங்குமமும் காய்ந்தும் காயாமலும் பளபளத்தன. "திரைக்கு மேல, நட்டநடுவுல" என்றாள்.

"அதுக்குள்ளதான்க்கா கண்ணு இருக்கு. கடுகளவு ஓட்டை. ஆயுத பூசைக்கு மறுநாள் இதே மாதிரி இருபது போன் வரும் எனக்கு. தண்ணி தொடாதீங்க. மெல்லிசுத் துணியால தொடைங்க."

போனை வைத்துவிட்டு முந்தானை நுனியால் துடைத்தாள். கட்டி போயிற்று, ஈரச் சந்தனம் இழுபட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. அவள் முகமும் வந்தது. ஆனால் மேலே வலது மூலையில் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டு. இன்னொரு தரம் துடைத்தால் மொத்தமும் பூசிக்கொள்ளும் போலிருந்தது. மணி நாலு பதினைந்து.

"வந்துட்டீங்க மேம். ஆனா ஏதோ மறைக்குதே?" என்றார் பரிமளா.

மெஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"புதுசுன்னு எங்க வீட்டுக்காரர் பொட்டு வச்சுட்டாங்க மேடம். கேமரா மேலயே."

பிளெஸ்ஸி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "லேப்டாப்புக்குப் பொட்டா? மிஸ், உங்க மூஞ்சில பாதி ஆரஞ்சா இருக்கு!"

பின்னங்கள் பற்றித்தான் அன்றைய பாடம். வட்டம் வெட்டி, ரொட்டி வரைந்து, எல்லாம் எழுதி வைத்திருந்தாள். அந்தக் காகிதம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. துடைக்கப் போன கை நின்றது.

"பாதியா? நல்லாப் பாத்துச் சொல்லு. திரையை நாலு கட்டமா மனசுல பிரிச்சுக்க. எத்தனை கட்டம் ஆரஞ்சு?"

"ஒன்னு."

"அப்ப நாலுல ஒன்னு. என்னைய எவ்வளவு பாக்குற?"

"மூணு... மூணு பை நாலு!"

"இப்ப கொஞ்சம் தொடைக்கப் போறேன். விடாமப் பாத்துக்கிட்டே இரு." துணியின் காய்ந்த நுனியால் ஒரு இழுப்பு. "இப்ப?"

"அதுலயும் பாதி போயிருச்சு. எட்டுல ஒன்னு! மிஸ், இன்னொரு தடவை தொடைங்க, இன்னொரு தடவை!"

பிள்ளை நாற்காலியில் முட்டி போட்டு எம்பியது. பதினாறில் ஒன்று வரைக்கும் துடைத்தாள். நாலரை அடித்து இரண்டு நிமிடம் ஆனதை யாரும் சொல்லவில்லை.

பிளெஸ்ஸி போனபின் பரிமளா கேட்டார்: "அது நீங்க யோசிச்சு வச்சதா மேம்?"

"இல்ல மேடம். எங்க வீட்டுக்காரர் வச்சது."

சென்னைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "திங்கக்கிழமையில இருந்து ரெண்டு பிள்ளைங்களைக் குடுக்கிறேன். ஒரு மாசம் பார்ப்போம். கேமராவைச் சுத்தமாத் தொடச்சிட்டு வாங்க."

மூடியை இறக்கியபோது ஆவுடையப்பன் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். கிண்ணம் இன்னும் கையில்.

"போச்சா?"

"கெடச்சிருச்சு. ஒரு மாசம் பாக்கணுமாம்."

"பாத்தியா? நான் வச்சதுனாலதான்."

அவள் விராலிமலைக்குப் போன் போட்டு, "வரலைங்க சார், மன்னிச்சுக்கங்க" என்றாள். வைத்தபிறகு மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஒரு மாசம். மூன்று மணி நேர பேட்டரி. வெள்ளையை எடுத்திருந்தால்? விரலால் மூடியைத் தூக்கினாள். விட்ட இடத்தில் நின்றது.

"இனிமே பொட்டை எங்கிட்டுத்தான் வைக்கச் சொல்ற?" என்றார் அவர்.

"அடியில வைங்க. கால் இல்லாத மூலையில."

அவர் வண்டிக்குப் போய்ப் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, பசை தடவி அந்த மூலையில் ஒட்டினார். அதன் பக்கத்தில் கடுகளவு சந்தனம் வைத்தார். நிமிர்த்தித் தையல் மெஷின் மேல் வைத்ததும் சொர்ணவல்லி தினத்தாளை உருவிவிட்டு மூலையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

ஆடவில்லை.

இன்னொரு தரமும் அழுத்திப் பார்த்தாள்.