இரைதா வீட்டு வெயில்

புயல் ஓய்ந்த மறுநாள் ஊருக்கெல்லாம் பொழுது சாய்ந்தது, இரைதா வீட்டுக் கூரைக்கு மட்டும் சாயவில்லை. மின்சாரம் அடியோடு போன புவேர்ட்டோ ரிக்கோவின் அந்த மலைச்சரிவில் அன்று ஒரு பை ஐஸ்கட்டி எட்டு டாலர். கூரையில் எட்டு சோலார் தகடுகள் இருந்தன. அவற்றைப் பொருத்தியவன் நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச் வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். "பொழுது சாஞ்சா தன்னால அணையப்போவுது. அதுக்கு ஒரு சுவிட்சு வேறயா?" என்று இரைதா அவனை விரட்டாத குறை. இப்போது வெயில் அணையவே இல்லை. கணவன் எலிகியோவின் ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக ஓடியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் அக்கம்பக்கத்தில் இன்சுலின் கெட்டுப்போகும்போது எப்படிச் சும்மா இருப்பது? இருபக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்தாள். ஒரு முனையைத் தகடுகளின் மின்சாரம் வந்து சேரும் கூரைப் பெட்டியில் செருகிக் கட்டினாள், மறுமுனையை வீட்டுச் சுவரில் செருகினாள். மின்சாரம் மீட்டர் வழியே பின்னோக்கிப் போய்த் தெருக்கம்பியில் ஏறியது, பதினோரு வீடுகளில் விளக்கு எரிந்தது. தட்டுத் தட்டாக வாழைக்காய் வறுவல் வந்தது. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தம்பி எஃப்ராயின் லைன்மேன்; கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொட்டால் உயிர் போய்விடும். கம்பியைத் தொடுமுன் தனக்குச் சொல்லும்படி லாரிக்காரர்களிடம் சொல்லியனுப்பியிருந்தாள். சேதி போய்ச் சேரவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஜன்னலோரம் வந்தவள், எதிர்க்கம்பத்தில் அவன் பாதி ஏறியிருப்பதைப் பார்த்தாள். கம்பியில் மின்சாரம் உண்டா என்று காட்டும் அவனுடைய டெஸ்டர் மழையில் நனைந்து செத்து மூன்று நாளாகியிருந்தது.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதே சுவர் மின்சாரத்தில் ஓடிய மெஷினும் நின்றது. கையிலிருந்த பிளக்கின் இரண்டு பித்தளைப் பற்களும் உயிரோடு உறுமின. ஒயரைக் கீழே போட முடியவில்லை, ஈரத் தரை. கூரைக்கு ஏறவும் முடியவில்லை.

"மோன்சித்தா! கூரைமேல போர்வையப் போடு!"

"அடிப் பாவி, உள்ள மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான், உனக்குப் போர்வை கேக்குதா?" என்று பக்கத்து வீட்டு மோன்சித்தா கத்தினாள். ஆனாலும் ஓடினாள். பதினோரு வீட்டுப் போர்வைகளும் ஏறின. எட்டாவது தகடு மூடியபோது பற்கள் அடங்கின.

எஃப்ராயின் இறங்கி வந்தான், முகம் வெளுத்திருந்தது. "அக்கா, என்னைக் கொன்னிருப்பியே!" என்று ஒருமுறை கத்திவிட்டு, அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை எலிகியோவுக்கு மாட்டினான். அதில் கால்மணி நேரக் காற்று. அதற்குள், வண்டியில் வேறொருவருக்காக வைத்திருந்த சேஞ்ச்ஓவர் சுவிட்சை மாட்டித் தெருவையும் வீட்டையும் பிரித்தான். போர்வைகள் இறங்கி மெஷின் மறுபடி முனகியபோதுதான் இரைதா உட்கார்ந்து அழுதாள்.

தெருவுக்கு மின்சாரம் வர இன்னும் ஐந்து மாதமாயிற்று. அதுவரை இன்சுலின் எல்லாம் இரைதாவின் ஃபிரிட்ஜில் இருந்தது. இரவு எட்டு மணிக்குத் தெருக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு அவள் முற்றத்தில் சீட்டாடினார்கள், காப்பிக்கொட்டை காயவைத்தார்கள். வெயில் இன்றும் போகவில்லை. வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று எலிகியோ முணுமுணுப்பான். இரைதா ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுவாள். படுக்கப் போகும் வழியில் சுவிட்சை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள்.