கண்டெடுத்தவர் பெயர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பேராசிரியர் கேதீஸ்வரன் வீட்டுக்குள் மட்டும் தினமும் மாலை நான்கு மணிக்குக் கடல் வரும். கணுக்கால் அளவுதான். ஆறு மணிக்கெல்லாம் வடிந்துவிடும், பக்கத்து வீட்டுக்கு ஒரு சொட்டுகூடப் போகாது. அவர் மனைவி ஜனகா மூன்றரைக்கே கால்மிதிகளைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிடுவார்.

கல்லூரியில் முப்பது வருடம் நிலவியல் நடத்தி, கோலாலம்பூர் ஒரு காலத்தில் கடலடி என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவருக்குக் கடல் வந்ததில் வியப்பில்லை. அதோடு கலியமூர்த்தியும் வந்து, மஞ்சள் ஹெல்மெட்டோடு வாசலோரம் நின்றதுதான் அவரைச் சாப்பிட விடவில்லை.

கலியமூர்த்தி தமிழ்நாட்டிலிருந்து வந்து, அடுத்த தெருவில் அடுக்குமாடிக்குத் தோண்டிய குழியில் வேலை செய்தவர். சுண்ணாம்புப் பாறைக்குள் சுருண்டிருந்த சங்கு ஒன்றை, "சார், இது உங்களுக்கு ஆகுமா?" என்று கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது கோடி வருடச் சங்கு. உலகம் அதுவரை பார்க்காத இனம். எந்தக் கல்லுக்கும் சீட்டு எழுதி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம்: இடம், தேதி, கண்டெடுத்தவர். கடைசி வரியில் கேதீஸ்வரன் கூசாமல் தம் பெயரை எழுதினார். பதவி உயர்வும் மாலை மரியாதையும் வீடு தேடி வந்தன. மறுமாதம் குழி சரிந்து கலியமூர்த்தி மண்ணுக்குள் போனார். அப்படி ஓர் ஆள் தன்னிடம் இருந்ததே இல்லை என்று காண்ட்ரேக்டர் கைவிரித்தார். கூட வேலை செய்தவர்கள் வேலை பெர்மிட் போய்விடும் என்று வாய் திறக்கவில்லை. இல்லாத ஆளை யார் தோண்டித் தேடுவார்கள்? கலியமூர்த்தியின் மனைவி சிந்து ஊரிலிருந்து போன் செய்து அழுதாள். "சார், ஏதோ சங்கு குடுத்தேன்னு உங்களப் பத்திச் சொல்லுவாரு. அவரு அங்க இருந்தாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். உடம்பையாவது எடுத்துடுவாங்க." அப்படி யாரையும் தெரியாது என்று கேதீஸ்வரன் போனை வைத்தார். அன்று நான்கு மணிக்குத்தான் முதன்முதலாகக் கடல் வந்தது.

பதினேழு நாள் பொறுத்த ஜனகா, பதினெட்டாம் நாள் தண்ணீரில் நின்றபடியே சொன்னார்: "சீட்டுல ஒரு வரிதான் லா, மாத்தி எழுதுங்க. அவரு வீட்டுக்குப் போவட்டும்."

கேதீஸ்வரன் தம் பெயரை அடித்துவிட்டுக் கலியமூர்த்தி என்று எழுதினார். சீட்டை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய், கலியமூர்த்தி அந்தக் குழியில் வேலை செய்ததையும், அவர் கண்டெடுத்ததைத் தாம் திருடியதையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்பியது. மூன்றாம் நாள் குழியில் முதலில் மஞ்சள் ஹெல்மெட் கிடைத்தது, பிறகு கலியமூர்த்தி.

கடல் மட்டும் நிற்கவில்லை. எப்போதாவது சிப்பி ஒதுங்கும். ஜனகா பார்த்து எடுத்தால் கேதீஸ்வரன் சீட்டில் ஜனகா பெயரைத்தான் எழுதுகிறார். கலியமூர்த்தி வருவதில்லை. ஆனாலும் வாசலோரம் இரண்டு பாதம் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஏறாமல் விலகியே நிற்கிறது. அங்கே அவர்கள் நாற்காலி போடுவதில்லை.